பன்னிரண்டாவது நட்டு

கொக்கி இறங்கி வந்து நின்றது. பேனலின் தலைப்பில் இருந்த இரண்டு வளையங்களிலும் பெல்ட்டை மாட்டி, தன் முழு எடையையும் போட்டு ஒருமுறை தொங்கிப் பார்த்துவிட்டு, கலியன் கட்டைவிரலை உயர்த்தினான். எத்திராஜ் வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனான். "பாய், பெல்ட்டு விறைக்கிற அளவுக்கு மட்டும் ஏத்து. அங்கயே நிறுத்து." தலைக்கு மேலே, கிரேனின் கண்ணாடிக் கூண்டிலிருந்து ஜாபரின் குரல் கரகரத்தது. "நிறுத்திட்டேன். காத்து கூடிட்டிருக்கு எத்திராஜு. குறையிற வரைக்கும் தூக்கமாட்டேன். அதுக்குள்ள நட்டைக் கழட்டிக்கங்க, பொறுமையா." பொறுமையா. அந்தச் சொல்லை ஜாபர் இந்த ஐந்து மாதமாகத்தான் சொல்கிறான், முன்பு சொல்லமாட்டான் என்று எத்திராஜுக்குத் தோன்றியது. அல்லது முன்பும் சொல்லியிருப்பான், தான்தான் காதில் வாங்கியிருக்க மாட்டோம். ஆடிக் காற்று மேற்கேயிருந்து வந்து, பதினேழாவது மாடியின் பச்சை வலையைப் படபடவென்று அடித்துவிட்டு, கேளம்பாக்கத்து உப்பளங்களைத் தாண்டிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. முந்தாநாள் இந்த லிப்ட் சுவருக்குக் காங்கிரீட் போட்டார்கள். இரண்டு இரும்புப் பேனல்களை எதிரெதிரே நிறுத்தி, குறுக்கே கம்பிகள் கோத்து, கம்பி முனைகளில் காது வைத்த பெரிய நட்டுகளைத் திருகி இறுக்கி, நடுவில் கலவையைக் கொட்டினால் சுவர். இறுகிய பிறகு நட்டுகளைக் கழற்றி, பேனலைச் சுவரிலிருந்து பிரித்து, கிரேனால் தூக்கி அடுத்த மாடியில் நிறுத்த வேண்டும். ஒரு பேனல் ஆயிரத்து இருநூறு கிலோ. ஒரு பேனலுக்குப் பன்னிரண்டு நட்டு. கழற்றுகிற நட்டையெல்லாம் இரும்பு வாளியில் எறிய வேண்டும், சிக்னல் கொடுக்கிறவன் அந்தச் சத்தத்தை எண்ண வேண்டும், பன்னிரண்டு கேட்ட பிறகுதான் தூக்கச் சொல்ல வேண்டும். கம்பெனியின் எந்தப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம் இது. இந்தக் கூட்டத்துக்கு அதைக் கொண்டுவந்தவனே எத்திராஜ்தான். சிமென்ட் பால் வழிந்து மூடிய நட்டு சுவரோடு சுவராகத் தெரியும், கண் ஏமாந்துபோகும், காது ஏமாறாது என்று அவன்தான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தான்.

டங். ஒன்று. முதல் நட்டு வெறும் வாளியின் அடியில் விழுவதால் அதன் சத்தம் தனி. வாளி முழுவதும் அதிர்ந்து, அதிர்வு மேடைப் பலகை வழியாகக் காலுக்கு வரும். கால். காலையில் ஏழே முக்காலுக்கு, கொடிக்கம்பத்துக்குக் கீழே முந்நூறு பேரை நிறுத்திவைத்து, பாதுகாப்பு வாரத்தின் முதல் நாள் என்று சேப்டி சார் பேசினார். பேசிவிட்டு, "இப்ப நம்ம சவரிமுத்து பேசுவாரு" என்று ஒலிவாங்கியை நீட்டினார். ஐந்து மாதத்துக்குப் பிறகு சவரி இன்றைக்குத்தான் வேலைக்கு வந்திருக்கிறான். புது ஹெல்மெட், புது மஞ்சள் சட்டை, வலது காலில் மட்டும் ஒரு சுற்றுப் பெரிய செருப்பு. முழங்காலுக்குக் கீழே எலும்போடு எலும்பாகக் கம்பி வைத்திருக்கிறார்கள். அவன் ஒலிவாங்கியை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டான். "என் பேரு சவரிமுத்து. மாசி மாசம் பதிமூணாவது மாடியில பேனல் அடிச்சு எனக்குக் கால் போச்சு. நான் நிக்கக்கூடாத எடத்துல நின்னேன். யாரும் நிக்கச் சொல்லல. நானாத்தான் போயி நின்னேன். என்னை மாதிரி யாரும் நிக்காதீங்க." முந்நூறு பேரும் கைதட்டினார்கள். எத்திராஜும் தட்டினான். தட்டாமல் நின்றால் பக்கத்தில் இருப்பவன் பார்ப்பான் என்று தட்டினான், தட்டிய பிறகு கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "ரொம்ப நல்லா சொன்னீங்க. நாளைக்கு ரெண்டாவது டவர் ஆளுங்களுக்கும் இதையே சொல்லிடுங்க" என்றார் சேப்டி சார். வாரத்துக்கு ஆறு நாள். ஆறு தடவை. யாரும் நிக்கச் சொல்லல, யாரும் நிக்கச் சொல்லல. சொல்லச் சொல்ல அது சவரிக்கே பாடமாகிவிடும், நாளைக்கு அவன் பெண் பள்ளிக்கூடத்தில் கேட்டால் அவளுக்கும் சொல்லுவான்.

இரண்டு. மூன்று. கலியன் இன்று ஒற்றை ஆள், அவனோடு கழற்றுகிறவனைத் தீயணைப்புப் பயிற்சிக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். நட்டின் காதில் சுத்தியலால் இரண்டு தட்டு, பிறகு கையால் சுழற்றல், பிறகு எறிதல். எறியும்போது வாளியைப் பார்ப்பதில்லை, ஆனாலும் தவறாமல் விழுகிறது. இதற்கிடையில் வாக்கியில் கீழேயிருந்து குரல். "ண்ணே, எத்திராஜண்ணே. மேலேருந்து பார்த்தா நான் தெரியிறேனா?" சவரிதான். கிரேன் தூக்கும் பாதைக்குக் கீழே யாரும் வராமல் பார்த்துக்கொள்ள அவனை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சிவப்புக் கொடியோடு உட்கார வைத்திருக்கிறார்கள். கையில் ஒரு வாக்கி. எத்திராஜ் கம்பித் தடுப்பைப் பிடித்து எட்டிப் பார்த்தான். கட்டை விரல் நகமளவுக்கு மஞ்சளாக ஒரு தலை. "தெரியிறடா" என்றான். "சார் மாதிரி நாற்காலி குடுத்துட்டாங்கண்ணே. வேர்வையே வரல." கலியன் தன் தோளில் மாட்டியிருந்த வாக்கியை அழுத்தினான். "நாற்காலி வேணும்னா கால ஒடைச்சுக்கணும்னா சொல்லு, என்கிட்ட ரெண்டு கால் சும்மாத்தான் இருக்கு." "உன் காலுக்கு முக்காலிகூட தரமாட்டான், போடா" என்று சவரி சிரித்தான். அந்தச் சிரிப்பு பதினேழு மாடி ஏறி வாக்கி வழியாக வந்து, கொரகொரவென்று முடிந்தது. இவன் ஏன் இப்படிச் சிரிக்கிறான். கோபமாக வந்திருந்தால் தேவலை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருந்தால் தானும் திருப்பிக்கொண்டு இருந்துவிடலாம்.

நான்கு. பதிமூணாவது மாடிக்கு மூன்று வாரம் முன்னால், பதினோராவது மாடியில், இதே மாதிரி ஒரு முற்பகலில் எத்திராஜ் பதினொன்று எண்ணிவிட்டுக் கிரேனை நிறுத்தினான். ஒரு நட்டுக் குறைகிறது, தேடுங்கள் என்றான். நாற்பது நிமிஷம் தேடினார்கள். காங்கிரீட் லாரிகள் இரண்டு கீழே உருண்டைத் தொட்டி சுற்றச் சுற்ற நின்றன. கடைசியில் நட்டு பத்தாவது மாடித் தளத்தில் ஒரு மண்வெட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. கழற்றும்போது கை நழுவிக் கீழே விழுந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து அவனுக்கு நட்டு வாத்தியார் என்று பெயர். சாப்பாட்டு நேரத்தில் தட்டில் ஊறுகாய் வைத்தால்கூட, "எண்ணிப் பார்த்துக்க வாத்தியாரே, ஒண்ணு குறையப்போவுது" என்பார்கள். பெயர் வைத்தவன் சவரிதான். கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை, அவனுக்கு வாய் அப்படி. எத்திராஜும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். பதினெட்டு வருஷம் கிரேனுக்குச் சிக்னல் கொடுத்தவன், நாற்பத்தாறு வயது, வாத்தியார் என்று கூப்பிட்டால் குறைந்தா போய்விடும். குறையவில்லை. ஆனால் பதிமூணாவது மாடியில் பதினொன்றோடு சத்தம் நின்றபோது, அவன் வாயைத் திறக்கவிடாமல் பிடித்ததும் அந்தப் பெயர்தான். இதை எந்த விசாரணையில் சொல்வது? சார், கிண்டல் செய்வார்களே என்று பார்த்தேன் சார். எழுதிக்கொள்வாரா?

ஐந்து. அல்லது, பன்னிரண்டாவது சத்தத்தைப் பம்ப்பு விழுங்கியிருக்கலாம். இந்த நினைப்பு அவனிடம் ஐந்து மாதமாக இருக்கிறது, ராத்திரியும் பகலும் அதை எடுத்துத் துடைத்துத் துடைத்து வைக்கிறான். அன்று எதிர்த் தளத்தில் காங்கிரீட் பம்ப்பு ஓடிக்கொண்டிருந்தது. அது மூச்சு விடுகிற மாதிரி நிமிஷத்துக்கு இருபது தடவை உறுமும். ஒரு உறுமலுக்குள் ஒரு நட்டு விழுந்திருந்தால் கேட்டிருக்காது. கேட்டிருக்காதுதானே? கேட்டிருக்கும். மற்ற பதினொன்றும் அதே உறுமலுக்கு நடுவேதான் கேட்டன. அதுவும் போக, நட்டு வாளியில் இல்லை, கம்பியில் இருந்தது, அதைத்தான் பிறகு கண்ணால் பார்த்தானே. பார்த்த பிறகும் பம்ப்பு, பம்ப்பு என்று எதற்கு. பதினொன்று. வலது பக்கம் கலியன் ஆறு, இடது பக்கம் சவரி ஐந்து. இடது பக்கத்துக் கீழ் மூலையில் ஒன்று, சிமென்ட் பால் மூடி, சுவரின் நிறத்திலேயே உட்கார்ந்திருந்தது. சவரி விட்டுவிட்டான். விடுவான். யாரும் விடுவார்கள். கழற்றுகிற ஆள் மறப்பான் என்பதற்காகத்தானே எண்ணுகிற ஆள் என்று ஒருவன் நிற்கிறான். ஆள் மறக்காமல் இருந்தால் எத்திராஜ் எதற்கு, வாளி எதற்கு.

திடீரென்று வலை உப்பி வெடிப்பதுபோல் அடித்துக்கொண்டது. பெல்ட் முனகியது. "கலியா, கைய எடு. பேனலைப் பிடிச்சிட்டு நில்லாத, இந்தாண்ட வா" என்று எத்திராஜ் கத்தினான். கலியன் வந்து சுவரோரம் குந்திக்கொண்டு, புகையிலையை உள்ளங்கையில் கசக்கினான். இன்னும் ஏழு நட்டு இறுக்கமாக இருக்கிறது, பேனல் எங்கும் போகாது. ஆனாலும் எத்திராஜ் கம்பித் தடுப்பை விடாமல் பிடித்துக்கொண்டான். காற்று நிற்கும்வரை செய்ய ஒன்றுமில்லை, செய்ய ஒன்றுமில்லாதபோதுதான் அந்த ஆஸ்பத்திரி வந்துவிடுகிறது. இரண்டாவது மாடி, ஜன்னலோரக் கட்டில், சவரியின் கால் ஒரு கம்பிக் கூட்டுக்குள் மாட்டிவைக்கப்பட்டிருந்தது, கம்பிகளை நட்டுப் போட்டு இறுக்கியிருந்தார்கள். எத்திராஜ் போன முதல் நாள் அவற்றை எண்ணினான். எண்ணாமல் இருக்க முடியவில்லை. சவரியின் மனைவி ஆரோக்கியம் சாத்துக்குடி உரித்துக் கையில் கொடுத்தாள். "இவரு எப்பவுமே அவசரக்காரரு. நீங்க எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க, கேட்டாரா?" என்று கணவனைத் திட்டினாள். சுளையை வாயில் போட்டுக்கொண்டு, விழுங்காமல், எத்திராஜ் தலையாட்டினான். எதற்குத் தலையாட்டினான்? ஆமாம் என்றா? அவள் வெளியே போன பிறகு சவரி குரலைத் தாழ்த்தினான். "ண்ணே, நான் ஒரு நட்டை விட்டுட்டேன், இல்ல? எனக்குத் தெரியும். அஞ்சு கழட்டினதுதான் கையில ஞாபகம் இருக்கு. ஆனா வாளியில பன்னெண்டு இருந்துச்சுன்னு சார் எழுதியிருக்காராம். நீதான போட்ட?" எத்திராஜ் சாத்துக்குடி விதையைக் கையில் துப்பினான். "என் பேரு கெடக்கூடாதுன்னு போட்டிருக்க. வாய்விட்டுச் சொல்லமாட்ட, எனக்குத் தெரியும்ண்ணே. நட்டு வாத்தியாருன்னு உன்னைக் கேலி பண்ணவன் நான்." சொல்லிவிட்டுச் சவரி அவன் கையைப் பிடித்துக்கொண்டான். விதை இருந்த கை. பிடித்த கையை விடும்வரை விதை உள்ளங்கையில் குத்திக்கொண்டே இருந்தது.

காற்று தணிந்தது. ஆறு. கலியன் வலப்பக்கத்தை முடித்துவிட்டு இடப்பக்கம் போனான். ஏழு. சவரிக்காகவா போட்டான்? சவரியை நாலு பேர் ஒரு பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கலியனும் ஓடினான். மேடையில் எத்திராஜ் மட்டும் நின்றான். பேனல் தலைக்கு மேலே மெதுவாகத் திரும்பித் திரும்பி ஆடிக்கொண்டிருந்தது. ரத்தம் பலகைச் சந்தில் ஒழுகியது. அதற்குப் பக்கத்தில் நட்டு. தேய்ந்த கம்பியிலிருந்து மரை வழுக்கி, உள்பக்கம் சிராய்ந்து, பளபளவென்று கிடந்தது. குனிந்து எடுத்தான், சூடாக இருந்தது, நான்கு எட்டு நடந்து போய் வாளியில் போட்டான். எறியவில்லை, வைத்தான். வைத்தும் சத்தம் கேட்டது. டங். அன்றைக்குப் பன்னிரண்டாவது. அந்த நேரத்தில் அவன் மனசில் சவரி இல்லை. பத்தடி தள்ளிச் சவரியின் செருப்பு கிடந்தது, அதையும் பார்த்தான், ஆனால் மனசில் இருந்தது ஒன்றே ஒன்று: பதினொன்று என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அரைமணியில் சேப்டி சார் வந்து வாளியைக் கவிழ்த்து எண்ணினார். பன்னிரண்டு. மரையை யாரும் பார்க்கவில்லை. பலத்த காற்று, தொழிலாளி தானாகவே தவறான இடத்தில் நின்றிருந்தார் என்று எழுதினார்கள், எத்திராஜும் கையெழுத்துப் போட்டான். மறுநாள் அந்த நட்டைத் தேடி எடுத்து, அடுத்த சுவருக்குக் கலவை கொட்டும்போது உள்ளே போட்டுவிட்டான். பதினாலாவது மாடி, லிப்ட் சுவர், வடக்குப் பக்கம். நாளைக்கு இந்தக் கட்டடத்தில் குடியிருக்கப் போகிறவர்கள் பால் பாக்கெட்டோடும் பிள்ளைகளோடும் அதை உரசிக்கொண்டு ஏறுவார்கள், இறங்குவார்கள். நூறு வருஷம் நிற்கும் சுவர் என்று பொறியாளர்கள் சொல்கிறார்கள்.

எட்டு. ஜாபருக்குத் தெரியும். ஜாபருக்குத் தெரிந்தே இருக்கிறது. அவன் கூண்டில் ஒரு சின்னத் திரை இருக்கிறது, எவ்வளவு எடை இழுக்கிறது என்று டன் கணக்கில் காட்டும். ஒன்று புள்ளி இரண்டு காட்ட வேண்டும். அன்று அவன் வாக்கியில், "எத்திராஜு, ஒண்ணு எட்டு காட்டுது. எங்கயோ பிடிச்சிருக்கு" என்றான். எத்திராஜ், "பேனலுக்கு எண்ணெய் சரியா பூசல பாய். ஒட்டிட்டு இருக்கு. இன்னும் கொஞ்சம் இழு" என்றான். விசாரணையில் ஜாபர் அதைச் சொல்லவில்லை. அவன் சொல்லாததற்குக் காரணம் அவனுடையது, இழுத்தது அவன் கை. இருவரும் ஐந்து மாதமாக ஒரே டீக்கடையில் நின்று டீ குடிக்கிறார்கள். ஜாபர் டம்ளரைப் பார்த்துக் குடிப்பான், எத்திராஜ் ரோட்டைப் பார்த்துக் குடிப்பான். ஒட்டிட்டு இருக்கு, இன்னும் கொஞ்சம் இழு. இது வரைக்கும் நினைத்துவிடலாம். இது வரைக்கும் எத்தனை தடவை வேண்டுமானாலும் வந்துவிட்டுத் திரும்பலாம். நட்டு, பதினொன்று, பம்ப்பு, வாளி, நட்டு என்று செக்கு மாதிரி சுற்றிவரலாம். சுற்றுவது ஒருவகையில் சௌகரியம்கூட. எண்ணிக்கைத் தப்பு யாருக்கும் வரும். எண்ணிக்கைத் தப்பு மனுஷத் தப்பு. சுற்றுகிற வட்டத்துக்கு வெளியே இன்னும் ஒரு வார்த்தை நிற்கிறது, அதைப் பார்க்காமல் இருக்கத்தான் இத்தனை வேகமாகச் சுற்றுகிறோமோ.

ஒன்பது. பேனலுக்கும் கம்பித் தடுப்புக்கும் நடுவே ஒன்றரை அடி இடம். பேனல் சுவரைவிட்டுப் பிய்த்துக்கொண்டால் அந்த ஒன்றரை அடிக்குள்தான் வரும். அங்கே யாரும் நிற்கக் கூடாது என்பது இந்த வேலைக்கு வந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பது, சவரிக்குச் சொல்லிக்கொடுத்ததும் எத்திராஜ்தான். ஆஸ்பத்திரிக்கு இரண்டாம் முறை போயிருந்தபோது சவரி கேட்டான். "ண்ணே, எனக்கு நட்டு கழட்டினது வரைக்கும் ஞாபகம் இருக்கு. அப்புறம் ஆம்புலன்சுலதான் முழிச்சேன். நடுவுல ஒண்ணுமே இல்ல. நான் ஏண்ணே அந்த எடத்துக்குப் போனேன்? எனக்குத்தான் தெரியுமே, அங்க நிக்கக்கூடாதுன்னு. பைத்தியமா எனக்கு?" ஜன்னலுக்கு வெளியே யாரோ ஈரத் துணி உதறினார்கள். எத்திராஜ், "தெரியலடா. நான் மேல கொக்கியைப் பார்த்துட்டிருந்தேன்" என்றான்.

பத்து. சவரி, அந்தப் பக்கம் போயி கடப்பாரை போடு. போ, சீக்கிரம். அன்று எத்திராஜ் சொன்ன வார்த்தை அதுதான். ஜாபர் ஒண்ணு எட்டு என்று சொன்னதற்கும் நட்டு பிய்த்துக்கொண்டதற்கும் நடுவே. வாக்கியில் சொல்லவில்லை, வாயால் சொன்னான், அதனால் ஜாபருக்குக் கேட்டிருக்காது. கலியன் பேனலுக்கு மறுகோடியில் இருந்தான், பம்ப்பு உறுமிக்கொண்டிருந்தது. சவரி ஒரு நொடி நின்று இவன் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையில், அங்கயாண்ணே, என்று ஒரு கேள்வி இருந்தது. எத்திராஜ் கையை வீசிக் காட்டினான், கிரேனுக்குக் காட்டுகிற அதே கை, அதே வீச்சு. பதினெட்டு வருஷமாக எந்தக் கிரேனும் அந்தக் கைக்கு மறுப்புச் சொன்னதில்லை. சவரியும் சொல்லவில்லை. போனான். கடப்பாரையைச் சந்தில் வைத்தான். அவ்வளவுதான். உலகத்தில் அந்த வார்த்தையைக் கேட்ட காது ஒன்றே ஒன்று, அந்தக் காதுக்கு அது மறந்துபோய்விட்டது. மறந்துபோன இடத்தில் இவன் எதை வைத்தாலும் அதுதான் அங்கே இருக்கும். யாரும் நிக்கச் சொல்லல, நானாத்தான் போயி நின்னேன். அதை வைத்தவன் சேப்டி சாரில்லை.

பதினொன்று. பிறகு சத்தமில்லை. கலியன் சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு கையைத் தட்டிவிட்டான். "அவ்ளோதாண்ணே. கடப்பாரை போடவா?" எத்திராஜ் வாளியைப் பார்த்தான், கலியனைப் பார்த்தான். காதுக்குள் எண்ணிக்கையைப் பின்னாலிருந்து ஒருதரம் ஓட்டிப் பார்த்தான். இன்று பம்ப்பு ஓடவில்லை. "பதினொண்ணுதான் விழுந்துச்சு" என்றான். "பன்னெண்டுண்ணே. நான்தான கழட்டினேன், எனக்குத் தெரியாதா?" "பதினொண்ணு." "சரி, நட்டு வாத்தியாரு பிரம்ப எடுத்துட்டாரு. இனிமே மத்தியானச் சோறு மூணு மணிக்குத்தான்" என்று கலியன் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி விசிறிக்கொண்டான். மேலேயிருந்து ஜாபர். "எத்திராஜு, காத்து நல்லா எறங்கிடுச்சு. பத்து நிமிஷம் இப்படியே இருக்கும். அப்புறம் மறுபடி கிளம்பிடும். தூக்கவா?" எத்திராஜ் வாக்கியின் பொத்தானை அழுத்தினான். "தூக்காத பாய். ஒண்ணு கொறையுது. பதினொண்ணுதான் வந்திருக்கு." அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொல்லிவிட்டுப் பொத்தானிலிருந்து விரலை எடுக்க வேண்டும். விரல் எழும்பவில்லை. அழுத்திக்கொண்டிருக்கும் வரைக்கும் மற்றவர்கள் யாரும் பேச முடியாது, இவன் மூச்சு மட்டும் எல்லார் வாக்கியிலும் கேட்டுக்கொண்டிருக்கும். ஜாபர் கூண்டில், சவரி நாற்காலியில், சேப்டி சார் மேஜையில். "அன்னிக்கும் பதினொண்ணுதான்" என்றது ஒரு குரல். அவன் குரல்தான். "மாசி மாசம், பதிமூணாவது மாடியில. பதினொண்ணு கேட்டுச்சு. தெரிஞ்சேதான் இழுக்கச் சொன்னேன். பன்னெண்டாவது நட்ட சவரியத் தூக்கிட்டுப் போனப்புறம் வாளியில போட்டது நான். சவரிக்காகப் போடல. எனக்காகப் போட்டேன்." கலியன் விசிறுவதை நிறுத்திவிட்டான். எத்திராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான். "சவரி. நீயா அங்க போகல. கடப்பாரை போடச் சொல்லி நான்தான் உன்னை அனுப்பினேன். நீ நின்னு பார்த்த. நான் கையைக் காட்டினேன்." இன்னும் ஏதோ மீதி இருப்பதுபோல் இருந்தது, தேடிப் பார்த்தான், ஒன்றுமில்லை. கட்டை விரல் வெளுத்திருந்தது. எடுத்தான்.

வாக்கி இரைந்தது. வெறும் இரைச்சல், ஆளில்லாத வீட்டில் குழாய் திறந்திருப்பது மாதிரி. கலியன் அவனைப் பார்க்காமல் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றான். எத்தனை நேரம் என்று எத்திராஜ் எண்ணவில்லை, எண்ணாமல் நின்றது அதுவே முதல் தடவையாக இருக்கும். பிறகு சவரியின் குரல் வந்தது. சிரிப்பு இல்லை, கோபம் என்றும் சொல்ல முடியவில்லை. வேலை சொல்கிற குரல். "கீழ ஆளுங்க குறுக்க நெடுக்கப் போயிட்டிருக்காங்க. மொதல்ல அந்த நட்டு எங்க இருக்குன்னு பாருங்க." அவ்வளவுதான். ண்ணே என்று சொல்லவில்லை. பதினோரு வருஷத்தில் இவனிடம் அந்தச் சொல் இல்லாமல் சவரி ஒரு வாக்கியமும் பேசியதில்லை என்பது, அது வராமல் போன பிறகுதான் எத்திராஜுக்குத் தெரிந்தது.

கலியன் முழங்காலில் உட்கார்ந்து, பேனலின் இடப்பக்கக் கீழ் மூலையைத் தடவினான். தடவிய கை நின்றது. சுத்தியலின் பின்பக்கத்தால் சுரண்டினான், சாம்பல் நிறச் செதில் உதிர்ந்தது, உள்ளிருந்து இரும்பு தெரிந்தது. "இருக்குண்ணே" என்றான். குரல் அடங்கியிருந்தது. "இங்கதான் இருக்கு. மூடிட்டிருக்கு." இரண்டு தட்டு, நான்கு தட்டு, இறுக்கம் விட்டது. எறியவில்லை, எழுந்து நடந்து வந்து எத்திராஜின் கண்முன்னால் காட்டிவிட்டு, வாளியில் விட்டான். பன்னிரண்டு. "முழுசா வந்துடுச்சு பாய்" என்று கலியன் தன் வாக்கியில் சொன்னான். சற்றுப் பொறுத்து ஜாபர் தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது. "எத்திராஜு" என்றான், வேறு ஏதோ சொல்லப் போகிறவன் போல. பிறகு, "தூக்கவா?" என்றான்.

எத்திராஜ் கம்பித் தடுப்பருகே போய் எட்டிப் பார்த்தான். நாற்காலி காலியாக இருந்தது. சிவப்புக் கொடியை மடித்து அதன்மேல் வைத்திருந்தது. பத்தடிக்கு அப்பால் மஞ்சளாக அந்தத் தலை, ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்து, சாய்ந்து நிமிர்ந்து, ஆட்கள் ஏறும் லிப்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கீழிருந்து பதினேழாவது மாடிக்கு வர அந்தக் கூண்டு நான்கு நிமிஷம் எடுத்துக்கொள்ளும். கதவு மூடும் சத்தம் இவ்வளவு உயரத்துக்குக் கேட்காது, ஆனாலும் காது அதற்காகக் காத்திருந்தது. காற்று நின்றிருந்தது. பேனல் பெல்ட்டில் அசையாமல் நின்றது. "எத்திராஜு, தூக்கவான்னு கேட்டேன்" என்றான் ஜாபர்.

"கீழ ஆள் இல்ல பாய்" என்றான் எத்திராஜ். "ஆள் வரட்டும்."